வண்டி பர்னோவில் நிற்கும்

பிப்ரவரி 3, திங்கள்

ஐரோப்பாவுக்கு ஒரு வாரம் போய்வருவது என்று இன்று முடிவு செய்தேன். விமானத்தில் வியன்னா, அங்கிருந்து ரயிலில் பிராக், அதே ரயிலில் திரும்ப வியன்னா, அப்புறம் வீடு. பழைய அரண்மனை, பழைய பாலம், பழைய கடிகாரம். அறுபத்தாறு வயதுக்கு இது போதும்.

ஏன் அந்த ஊர்கள் என்று யாராவது கேட்டால் சொல்ல ஒரு காரணம் வைத்திருக்கிறேன். புண்ணாக்குக் கம்பெனி கொடுத்த காலண்டரில் இந்த மாதத்துக்குப் பிராக் பாலத்தைப் போட்டிருக்கிறார்கள். தேங்காய்க் களத்தில் என் மேஜைக்கு எதிரே தொங்குகிறது. அதைப் பார்த்து ஆசை வந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இதுவரை யாரும் கேட்கவில்லை.

மகள் சுகந்தி இருப்பது பர்னோ என்ற ஊரில். பம்பு செய்கிற கம்பெனியில் இன்ஜினீயர். வியன்னாவிலிருந்து பிராக் போகும் ரயில் அந்த ஊரில் நின்று போகும். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ரயில் என்றால் நாலு ஊரில் நிற்கத்தான் செய்யும்.

இரவு கம்மஞ்சோறு மோர் ஊற்றிச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 5, புதன்

கோயம்புத்தூர் போய் டிராவல்ஸ் ஆபீசில் ஷமீமா என்கிற பெண்ணைப் பார்த்தேன். முப்பது வயது இருக்கும், கெட்டிக்காரி. முதலில் கும்பலாகப் போகும் டூரைக் காட்டினாள். நாற்பது பேர், கூடவே சமையல்காரர், தினமும் சாம்பார். வேண்டாம் என்றேன். நாற்பது பேரும் ஜோடி ஜோடியாக வருவார்கள். நான் ஒற்றை சீட்டில் உட்கார்ந்துகொண்டு எல்லாருக்கும் போட்டோ எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.

அப்புறம் சால்ஸ்பர்க் வழியாகப் போனால் மலையும் ஏரியும் பார்க்கலாம், எல்லாரும் அப்படித்தான் போகிறார்கள் என்றாள். வேண்டாம் என்றேன். பஸ் இருக்கிறது, நேராகப் போகும் என்றாள். அதுவும் வேண்டாம் என்றேன். நேர் ரயில்தான், இன்ன வழியாகப் போகிறதுதான் என்று விரலால் மேப்பில் கோடு போட்டுக் காட்டினேன்.

அவள் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“வழியில யாராச்சும் தெரிஞ்சவங்க இருக்காங்களாங்கய்யா?”

இல்லை என்றேன். சரி என்று எழுதிக்கொண்டாள். வியாபாரத்தில் இருந்திருந்தால் நன்றாக வந்திருப்பாள். நம்பாததை முகத்தில் காட்டவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

மாதத்தில் இரண்டாம் ஞாயிறு சுகந்தி போன் செய்வாள். மனைவி மயிலாத்தாள் இருந்தவரை அவள் அடுப்பங்கரையில் நின்றுகொண்டு மகளிடம் ஒரு மணி நேரம் பேசுவாள். எனக்கு வேண்டிய சேதி அந்த வழியாக வந்துவிடும். அவள் போய் மூன்று வருடம் ஆகிறது. இப்போது போன் எனக்கு வருகிறது, நாலு நிமிடத்தில் முடிகிறது.

வழக்கமானது ஆனதும், ஏப்ரலில் வியன்னாவும் பிராக்கும் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்றேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். நிமிடம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

“ஏப்ரல்லயும் அங்க குளுருமுங்க. நல்ல சொட்டரா எடுத்துக்கோங்க.”

“சரி கண்ணு.”

வீட்டுக்கு வாருங்கள் என்று அவள் சொல்லவில்லை. வரட்டுமா என்று நானும் கேட்கவில்லை. அஞ்சு நிமிடம் ஆயிற்று. ஒரு நிமிடம் கூடுதல்.

பிப்ரவரி 11, செவ்வாய்

பொள்ளாச்சி சந்தைக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்தேன். மாட்டு வியாபாரத்தை விட்டுத் தேங்காய்க்கு வந்து இருபது வருடம் ஆகிறது. ஆனாலும் செவ்வாய்க்கிழமை கால் தானாக அங்கே போகிறது. பதினாலு வயதில் அடுத்தவன் மாட்டுக்குக் கயிறு பிடித்து நின்ற இடம். அங்கேதான் தொழில் படித்தேன்.

இன்றைக்கும் அங்கே விலை வாயால் பேசுவதில்லை. விற்கிறவர் கையும் வாங்குகிறவர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போகும். எத்தனை விரலைப் பிடிக்கிறார் என்பதுதான் பேச்சு. வாய் பாட்டுக்கு மழை, கல்யாணம் என்று வேறு எதையாவது பேசிக்கொண்டிருக்கும். சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. துண்டுக்குள் பேசியதை வெளியே சொல்வதும் கிடையாது.

அத்தனை வருடத்தில் நான் ஒருநாளும் முதலில் விரல் பிடித்ததில்லை. கையை மரக்கட்டை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்பேன். எதிராளி பொறுக்க மாட்டாமல் பிடிப்பான். பிடித்தவனுக்கு ஆசை இருக்கிறது என்று தெரிந்துவிடும், பாதி வியாபாரம் அங்கேயே என் பக்கம் வந்துவிடும்.

சுகந்தி ஏழு வயதில் என்னோடு சந்தைக்கு வந்து இதையெல்லாம் பார்த்தவள். வீட்டில் என் தோள் துண்டை இழுத்து என் கைமேல் போட்டுக்கொண்டு, தேன்மிட்டாய் எத்தனை வேண்டும் என்று விரல் பிடிப்பாள். முகத்தை ரொம்பக் கடுமையாக வைத்துக்கொள்வாள்.

தேங்காய் வரத்து இன்று குறைவு.

பிப்ரவரி 20, வியாழன்

பயண இன்சூரன்ஸ் பாரம். அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது, அவர் என்ன உறவு என்று இரண்டு கட்டம் இருந்தது. களத்துக் கணக்கர் சென்னியப்பன் பெயரை எழுதினேன். உறவு என்ற இடத்தில் கணக்கர் என்று எழுதினேன். ஷமீமா போனில் கூப்பிட்டு, சொந்தக்காரர் யாராவது எழுதினால் நல்லது என்றாள். இதுவே இருக்கட்டும் என்றேன்.

மார்ச் 4, செவ்வாய்

விசாவுக்கு விரல் ரேகை வைக்க சென்னை. மெஷின் என் ரேகையை எடுத்துக்கொள்ளவில்லை. மாட்டுக் கயிறும் தேங்காய் நாரும் தேய்த்துவிட்டன. அங்கிருந்த பெண் என் ஒவ்வொரு விரலாகப் பிடித்து ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தாள். பத்து விரலுக்கும் கால் மணி நேரம் ஆனது. கடைசியில் எடுத்துக்கொண்டது.

என் கையை இன்னொருவர் அவ்வளவு நேரம் பிடித்து ரொம்ப நாள் ஆகிறது. ரயிலில் வரும்போது இது ஞாபகம் வந்தது, அதனால் எழுதுகிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

சுகந்தி போன். இந்தத் தடவை அவளாகவே கேட்டாள்.

“பிராக்குக்கு என்னைக்குங்க போறீங்க?”

ஏப்ரல் ஒன்பதாம் தேதி, புதன்கிழமை என்றேன்.

“எந்த வண்டிங்க?”

டிக்கெட் இன்னும் போடவில்லை என்று சொன்னேன். டிக்கெட் போட்டு ஒரு வாரம் ஆகிறது. மேஜை டிராயரில் இருக்கிறது. பெட்டி எண், சீட்டு எண் எல்லாம் மனப்பாடம்.

சரிங்கப்பா என்று வைத்துவிட்டாள்.

மார்ச் 16, ஞாயிறு

ஏன் பொய் சொன்னேன் என்று ஒரு வாரமாக யோசித்துப் பார்க்கிறேன். பழக்கம், வேறொன்றுமில்லை. எதிராளி விரலை நீட்டினால் நம் கை தானாக விறைத்துக்கொள்ளும்.

பழக்கம் என்று எழுதியதும் இன்னொன்றும் எழுத வேண்டியிருக்கிறது. பதினோரு வருடம் முன்னால் சுகந்திக்குப் பல்லடத்தில் ஒரு மில்காரர் வீட்டில் வரன் வந்தது. நல்ல இடம். எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு பக்கத்துச் சனமும் நிறைந்து உட்கார்ந்திருந்தது. நகை விஷயம் பேச வேண்டியிருந்தது, அத்தனை பேர் காதில் விழும்படி பேச முடியாது. பையனின் அப்பாவும் ஒரு காலத்தில் மாடு வாங்கி விற்றவர்தான். நான் சிரித்துக்கொண்டே தோள் துண்டை எடுத்தேன். அவரும் சிரித்துக்கொண்டே கையை உள்ளே விட்டார். ஒரே நிமிடத்தில் முடிந்தது.

சுகந்தி காப்பித் தட்டோடு நிலைவாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

தட்டை அப்படியே தரையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எல்லாரும் போன பிறகு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“பல்லப் புடிச்சுப் பாத்தாங்களாப்பா? ரெண்டு பல்லா, நாலு பல்லா?”

மாட்டுக்கு வயது பார்ப்பது பல்லை வைத்துத்தான். நான் கோபத்தில் கத்தினேன். என்ன கத்தினேன் என்பது இங்கே வேண்டாம். கல்யாணம் நின்றது. ஆறு மாதத்தில் மேல்படிப்புக்கு வெளிநாடு போனாள். அப்புறம் ஒரே தடவை வந்தாள், அம்மா காரியத்துக்கு. நாலு நாள் இருந்தாள்.

அவமானம் எனக்குத்தான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் துண்டைப் போட்டிருக்கலாம். இல்லை, போடாமலே இருந்திருக்கலாம்.

மார்ச் 21, வெள்ளி

விசா வந்தது. ஒரு வாரம் கேட்டதற்கு ஒரு மாதம் தங்கலாம் என்று போட்டிருந்தது. ஷமீமாதான் அப்படி எழுதியிருக்கிறாள், விமான டிக்கெட்டும் தேதி மாற்றிக்கொள்கிற மாதிரிதான் வாங்கியிருக்கிறாள். எதற்கு அம்முணி இதெல்லாம் என்று கேட்டேன். “இருக்கட்டுமுங்கய்யா, கெட்டா போகும்?” என்றாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

வீட்டுச் சாவியை சென்னியப்பனிடம் கொடுத்தேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றவா என்று கேட்டார். செடி ஏதும் இல்லை என்றேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு. வியன்னா

அரண்மனை பார்த்தேன். ஆயிரத்துச் சொச்சம் அறையாம். இத்தனை அறையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

மத்தியானம் பெரிய தேவாலயத்துக்கு வெளியே குதிரை வண்டிகள் நின்றன. ஒரு வெள்ளைக் குதிரை முன்னங்காலை எடுத்து எடுத்து வைத்தது. எனக்குப் பொறுக்கவில்லை. வண்டிக்காரப் பெண்ணிடம் ஜாடை காட்டிவிட்டுக் குனிந்து குளம்பைத் தூக்கிப் பார்த்தேன். லாடத்துக்கு இடையில் ஒரு கல். எடுத்துப் போட்டேன். அவள் என்னை விரட்டாமல் குதிரையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் பத்து நிமிடம் பேசினோம். அவள் அவள் பாஷையில், நான் தமிழில். காது, கண், வயிறு, தீனி. இரண்டு பேருக்கும் எல்லாம் புரிந்தது. நாட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து நான் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

ஏப்ரல் 8, செவ்வாய்

மழை. பாலும் ரொட்டியும். ஒரு கணவன் மனைவி தங்களைப் போட்டோ எடுக்கச் சொன்னார்கள். எடுத்துக் கொடுத்தேன். உங்களை எடுக்கட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன்.

ஏப்ரல் 9, புதன். பிராக்

காலை பத்து மணி வண்டி. சன்னல் சீட்டு. பிளாட்பாரம் எந்தப் பக்கம் வரும் என்று டிக்கெட் பார்க்கிறவரிடம் இரண்டு தடவை கேட்டு இடம் மாறி உட்கார்ந்தேன். கோட்டுக்குள்ளே தோள் துண்டு போட்டிருந்தேன். குளிருக்கு.

பதினொன்றே முக்காலுக்குச் சற்று முன்னால் பர்னோ. வண்டி இரண்டு நிமிடம் நின்றது. நான் எழுந்து கதவுவரை போனேன். பிளாட்பாரத்தில் ஒரு கிழவர் சைக்கிளோடு நின்றார், இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு நின்றார்கள், ஒரு குழந்தை பன் தின்றுகொண்டிருந்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தேன். அவள் இல்லை.

இருப்பாள் என்று எப்படி நினைத்தேன்? எந்த வண்டி என்று கேட்டவளிடம் சொல்லாமல் இருந்தவன் நான்.

கதவு மூடிக்கொண்டது. கொஞ்ச தூரம் வந்த பிறகுதான் நான் இன்னும் நின்றுகொண்டிருப்பது தெரிந்தது.

ஏப்ரல் 10, வியாழன்

பாலம் காலண்டரில் இருக்கிற மாதிரியேதான் இருக்கிறது.

ஏப்ரல் 11, வெள்ளி

பழைய கடிகாரத்துக்கு முன்னால் பெரிய கூட்டம். மணி அடிக்கும்போது பொம்மைகள் சன்னலில் வந்து போகின்றன. எல்லாரும் போனைத் தூக்கிக்கொண்டு அண்ணாந்து நின்றார்கள். ஒரு நிமிடத்தில் முடிந்தது, கூட்டமும் கலைந்தது. நான் அடுத்த மணிக்கும் நின்றேன். வேறு வேலை இல்லை.

நிற்கும்போது கணக்குப் போட்டேன். நாளை சனி, வியன்னாவுக்குத் திரும்பும் ரயில். அதற்கு அடுத்த நாள் ஞாயிறு, விமானம். அது இரண்டாம் ஞாயிறு. அவள் போன் செய்கிற நேரத்தில் நான் ஆகாயத்தில் இருப்பேன். அவள் கூப்பிட்டாலும் எடுக்க முடியாது. அப்புறம் மே மாதம் வரை காத்திருக்க வேண்டும். களத்தில், அந்த மேஜையில், காலண்டருக்கு எதிரில்.

இந்த மூன்று வருடத்தில் நான் அவளைக் கூப்பிட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எப்போதும் அவள்தான் கூப்பிட்டிருக்கிறாள். மாதம் தவறாமல் விரலை நீட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

ஒரு சுவர் ஓரமாகப் போய் நின்று கூப்பிட்டேன். எடுத்த எடுப்பில் என்ன ஆச்சுங்கப்பா என்றாள். குரலில் பயம்.

“ஒண்ணும் ஆகல கண்ணு. நாளைக்கு உங்கூரு வழியா வாரேன். எறங்கட்டுமான்னு கேக்கத்தான் கூப்ட்டேன்.”

பின்னால் ஏதோ மெஷின் ஓடும் சத்தம். சந்தையாக இருந்தால் அப்படியே விட்டிருப்பேன், எதிராளியே பேசட்டும் என்று. விடவில்லை.

“அன்னைக்கு உன்னையக் கேக்காமத் துண்டப் போட்டது தப்புதான்.”

மெஷின் சத்தம் நின்றது. கதவை மூடிக்கொண்டாள் போலிருக்கிறது.

“இதச் சொல்றக்குப் பதினோரு வருசமுங்களா?”

ஆமாம் என்றேன்.

அழுகிறாளா என்று தெரியவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

“புதன்கிழம காத்தால ஒம்போதே முக்கால் வண்டிக்கு வந்து நின்னேனுங்க. மறுக்கா மத்தியானம் ரெண்டு மணி வண்டிக்கும் வந்தேன். எடையில மீட்டிங் இருந்துச்சு, வர முடியல.”

நான் போன வண்டி அந்த இரண்டுக்கும் இடையில்.

சுவரில் சாய்ந்து நின்றேன். டிக்கெட் போட்டாயிற்று என்று அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மீட்டிங்கை மாற்றிவைத்திருப்பாள்.

“நாளைக்கு எந்த வண்டிங்க?” என்றாள்.

வண்டி நேரம், பெட்டி எண், சீட்டு எண், எந்தக் கதவில் நிற்பேன் என்பதுவரை சொன்னேன். எழுதிக்கொண்டாயா என்றும் கேட்டேன்.

ஏப்ரல் 12, சனி. பர்னோ

இரண்டு ஸ்டேஷனுக்கு முன்னாலேயே பையைத் தூக்கிக்கொண்டு கதவுக்கு வந்துவிட்டேன். வண்டி நின்றது. கதவுக்கு நேர் எதிரில் நின்றிருந்தாள். முன்பக்கம் முடி நரைத்திருக்கிறது. மூன்று வருடத்தில்.

நான் பையை இறக்கினேன். கட்டிக்கொள்வது, அழுவது எல்லாம் எங்களுக்குப் பழக்கமில்லை. இரண்டு பேரும் பையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அப்புறம் அவள் என் கோட்டின் மேல் பட்டனைக் கழற்றினாள். தோள் துண்டை உருவி எடுத்தாள். என் வலது கைமேல் போட்டாள். அவள் கையை உள்ளே விட்டாள். முகத்தை ரொம்பக் கடுமையாக வைத்துக்கொண்டாள்.

அவள் கை அசையவில்லை, என்னுடைய கை மாதிரியே. என்னிடம் படித்தவள்.

நான் முதலில் பிடித்தேன். ஒரு விரல். ஒரு நாள்.

“ரயில்ல தூங்குனீங்களா?” என்று கேட்டாள்.

“கொஞ்சம்.”

“இங்க நேத்தெல்லாம் மழைங்க.”

“அங்க இல்ல.”

பேசிக்கொண்டே அவள் என் கையைத் திருப்பி, விரல்களைப் பிடித்தாள். நான் மறுபடி தொட்டுப் பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்டேன். தலையாட்டினேன். எங்களுக்குப் பின்னால் வண்டி கிளம்பிப் போனது.

எத்தனை விரல் என்று இங்கே எழுத மாட்டேன். துண்டுக்குள் பேசியது.

வீட்டுக்கு வந்ததும் ஷமீமாவுக்குச் செய்தி அனுப்பினேன். அவளுக்கு மட்டும் தேதியைச் சொல்ல வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் டிக்கெட்டை மாற்ற முடியாதாம். வியன்னா ஹோட்டலையும் அவளே ரத்து செய்துவிட்டாள். இன்சூரன்ஸ் நாளைக் கூட்டும்போது அந்தப் பாரத்தை மறுபடி அனுப்பினாள். அவசரம் என்றால் யார், என்ன உறவு. நிரப்பி அனுப்பினேன். பதிலுக்கு எதுவும் கேட்காமல் ‘சரிங்கய்யா’ என்று மட்டும் போட்டாள்.

சுகந்தி வீட்டு வாசலில் பெரிய அளவில் ஒரு ஜோடி ஷூ கிடந்தது. நான் கேட்கவில்லை. சாயங்காலம் ஷூவுக்குச் சொந்தக்காரர் காய்கறிப் பையோடு வந்தார். மாரெக் என்று பெயர். உயரம். கண்ணைப் பார்த்துக் கை கொடுத்தார். நல்ல பிடி. இவர் யார் என்று சுகந்தி சொல்ல ஆரம்பித்தாள், பாதியில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள்.

“நான் பல்லெல்லாம் பாக்கல கண்ணு,” என்றேன்.

சிரித்துவிட்டாள்.

“நானே பாத்துட்டேனுங்க.”

ஏப்ரல் 13, ஞாயிறு

இரண்டாம் ஞாயிறு. சுகந்தி போன் செய்யவில்லை. பக்கத்து அறையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.